முதல் படகு வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கும் முன் நாட்களை எண்ணுங்க!



டொராண்டோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் வேலை பார்க்கும் நம்ம ஆட்களிடமிருந்து கோடைக்காலம் வந்தாலே ஒரு கேள்வி வரும். "ஒரு படகு வாங்கலாம்னு இருக்கேன். காலையில நான் மீன் பிடிக்கணும், மதியம் பிள்ளைங்க தண்ணியில விளையாடணும். லோன் போட்டு வாங்கலாமா?"

ஆசையில் தப்பே இல்லை. ஒண்டாரியோவில் ஏரிக்குப் பஞ்சமும் இல்லை. ஆனா கடையில் உங்களிடம் கேட்பது, "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" நீங்க உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: "வருஷத்துக்கு எத்தனை நாள் இந்தப் படகு தண்ணியில இறங்கும்?" எந்தப் படகு, என்ன விலை, லோனா ரொக்கமா என எல்லாமே இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் முடிவாகணும். வாங்க, படிப்படியா பார்ப்போம்.

1. முதலில் காலண்டர்

ஒண்டாரியோவில் படகுக் காலம் ஏறத்தாழ மே கடைசியில் விக்டோரியா தின வார இறுதியில் தொடங்கி, அக்டோபர் தேங்க்ஸ்கிவிங்கோடு முடிஞ்சிடும். சுமார் 20 வாரம், அதாவது 40 சனி, ஞாயிறு. கேட்க நல்லாத்தான் இருக்கு.

இப்போ கழிக்க ஆரம்பிங்க. கல்யாணம், பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, கோயில் தேர் எல்லாம் இதே மாசங்களில்தான் வரும். பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு, சாக்கர். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தா நயாகரா ஒரு தடவை, மாண்ட்ரியால் ஒரு தடவை. மிச்சத்தில் மழை, காற்று. போன வருஷக் காலண்டரை எடுத்து, நிஜமாகவே காலியாக இருந்த நாட்களை மட்டும் வட்டம் போடுங்க. பல வீடுகளில் இருபதைத் தொடவே சிரமப்படும்.

2. ஒரு நாளைக்கு எவ்வளவு?

14,000 டாலருக்கு ஒரு பழைய அலுமினியப் படகு, மோட்டாரும் டிரெய்லரும் சேர்த்து வாங்குறீங்கன்னு வைப்போம். படகை தனியாரிடம் வாங்கினாலும் ஒண்டாரியோவில் 13% விற்பனை வரி உண்டு. டிரெய்லரையும் சேர்த்தே கணக்கு போட்டா 15,820 டாலர். கீழே இருப்பவை கணக்கு புரிவதற்காக நான் வைத்த எண்கள். உங்க ஏரி, உங்க இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லும் எண்களைப் போட்டுக்கோங்க.

- ஐந்து வருஷம் கழித்து 9,000 டாலருக்கு விற்றால், வருஷத்துக்கு மதிப்புக் குறைவு: 1,364
- அந்தப் பணம் டிஎஃப்எஸ்ஏ கணக்கில் 4% ஈட்டியிருந்தால்: 630
- இன்சூரன்ஸ்: 350
- குளிர்காலத்துக்கு முன் எஞ்சினைத் தயார்படுத்தல், ஆயில்: 450
- குளிர்காலத்தில் நிறுத்த இடம்: 600
- பழுதுக்கு ஒதுக்குவது: 600

மொத்தம் 3,994 டாலர். படகு தண்ணியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் இது போகும். இதோடு இறங்கும் ஒவ்வொரு நாளும் பெட்ரோல் 60, படகு இறக்கும் துறைக்கும் பார்க்கிங்குக்கும் 25, ஆக 85 டாலர்.

இப்போ வகுத்துப் பாருங்க:

- வருஷத்துக்கு 5 நாள் போனால், ஒரு நாளுக்கு 884 டாலர்
- 12 நாள் போனால், 418 டாலர்
- 20 நாள் போனால், 285 டாலர்

வாடகைப் படகு ஒரு நாளைக்கு 350, பெட்ரோல் 60, ஆக 410 டாலர் என்று வைத்தால், சமன் ஆகும் இடம் சுமார் 12 நாள். அதுக்குக் கீழே இருந்தா வாடகைதான் லாபம். அதுவும் பராமரிப்பு, பழுது, இடம் என்ற தலைவலி எதுவும் இல்லாமல்.

பட்டியலில் "நிறுத்த இடம்" என்ற வரியைச் சாதாரணமா கடந்துடாதீங்க. காண்டோவிலோ டவுன்ஹவுஸிலோ இருந்தா படகை வைக்க அனுமதியே இருக்காது. சொந்த டிரைவ்வே இருந்தாலும் பல நகராட்சிகளில் கட்டுப்பாடு உண்டு. வாங்குவதற்கு முன் உங்க ஊர் விதியைப் படிச்சிடுங்க.

3. லோன் போடலாமா?

30,000 டாலர் புதுப் படகு, 9% வட்டி, 10 வருஷம். மாசத் தவணை சுமார் 380 டாலர். கேட்க லேசா இருக்கும். முடியும்போது கட்டியிருப்பது சுமார் 45,600. வட்டி மட்டும் 15,600. மேலே பார்த்த பழைய படகின் மொத்த விலை கிட்டத்தட்ட இதுதான்! தவணை பன்னிரண்டு மாசமும் வரும், படகு ஐந்து மாசம்தான் ஓடும்.

இன்னும் முதல் வீடு வாங்காதவர்களுக்கு ஒரு விஷயம். எஃப்எச்எஸ்ஏ கணக்கில் வருஷத்துக்கு 8,000 டாலர், வாழ்நாளில் 40,000 டாலர் வரை போடலாம். போடும் பணம் உங்க வரி விதிக்கும் வருமானத்திலிருந்து கழியும். அதை நிரப்பாமல் படகுக்குத் தவணை கட்டினால், நீங்க விட்டுக்கொடுப்பது முன்பணத்தை மட்டும் இல்லை, வரிச் சலுகையையும் சேர்த்துத்தான்.

"தொழில் செலவுன்னு காட்டிக்கலாமே?" என்று கான்ட்ராக்டில் வேலை செய்பவர்கள் கேட்பாங்க. வருமான வரிச் சட்டத்தின் 18(1)(எல்) பிரிவு, உல்லாசப் படகை வைத்துப் பராமரிக்கும் செலவைக் கழிக்க அனுமதிப்பதில்லை. வாடிக்கையாளரைக் கூட்டிட்டு மீன் பிடிக்கப் போனேன் என்ற கதை எடுபடாது.

என் கணக்கு எளிது: ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி, கிரெடிட் கார்டு பாக்கி பூஜ்யம், அதுக்கு மேல் சேர்த்த ரொக்கம். அந்த ரொக்கத்துக்குள் வரும் படகுதான் உங்க முதல் படகு.

4. இரண்டு வேலைக்கும் ஒரே படகு எது?

கடையில் நாலு வகை கண்ணில் படும்.

தட்டை அடி அலுமினியப் படகு: விலை குறைவு, ஆழமில்லாத தண்ணிக்கு நல்லது. ஆனா சிம்கோ மாதிரி பெரிய ஏரியில் காற்று எழும்பினால் ஒவ்வொரு அலையும் முதுகில் அடிக்கும். பிள்ளைகள் இரண்டாவது தடவை வரமாட்டாங்க.

பான்டூன்: மிதக்கும் திண்ணைன்னு சொல்லலாம். தாத்தா பாட்டி சுலபமா ஏறலாம், நிழல் உண்டு, சாப்பாடு விரிக்கலாம். ஆனா காற்று தள்ளும், அகலம் அதிகம், இழுக்கப் பெரிய வண்டி வேணும்.

பவ்ரைடர்: வேகம், குஷன் இருக்கை, டியூப் இழுக்க அருமை. தூண்டில் வைக்க, மீனைப் போட இடம் இருக்காது. எஞ்சின் உள்ளே இருக்கும் வகை என்றால் குளிர்காலத் தயாரிப்பும் பழுதும் செலவு கூடும்.

மீன்பிடி-விளையாட்டு அலுமினியப் படகு: 16 முதல் 18 அடி, வி வடிவ அடிப்பாகம். முன்பக்க மேடையில் காலையில் நின்று தூண்டில் வீசலாம், மதியம் அதையே இருக்கையாக மாற்றலாம். மீன் உயிரோடு இருக்கத் தொட்டியும் இருக்கும். லண்ட், பிரின்ஸ்கிராஃப்ட் போன்ற கம்பெனிகளின் பழைய படகுகள் இந்த வகையில் கிடைக்கும்.

பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை நாலாவது வகை. வெளியே மாட்டும் நாலு ஸ்ட்ரோக் மோட்டார் நல்லது. மீன் மட்டும் பிடிக்க 40 குதிரைத்திறன் போதும். டியூப் இழுக்கணும்னா 60 முதல் 90 பாருங்க. படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை பேர், எவ்வளவு எடை, அதிகபட்ச குதிரைத்திறன் என்று இருக்கும். அதைத் தாண்டாதீங்க.

ஆட்களை எண்ணும்போது ஒரு சட்டத்தையும் சேர்த்துக்கோங்க. டியூபில் பிள்ளைகளை இழுத்தால் ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் பின்னால் பார்த்துக்கொண்டே இருக்கணும். இழுபடும் ஒவ்வொருவருக்கும் படகுக்குள் ஓர் இருக்கை காலியாக இருக்கணும். இரண்டு பிள்ளைகளை இழுக்கக் குறைந்தது நாலு பேர் படகு வேணும் என்று அர்த்தம்.

பட்ஜெட் இடிக்கும்போது எதை விடுவது? மீன் காட்டும் பெரிய திரையை விடுங்க. நிழல் கூரையையும், தண்ணியிலிருந்து ஏற ஏணியையும் விடாதீங்க. காரணம் கணக்குதான். வெயிலில் வாடிய குடும்பம் அடுத்த வாரம் வராது. குடும்பம் வராவிட்டால் 12 நாள் 5 நாளாகும், 418 டாலர் 884 ஆகும். திரை மீனைக் காட்டும், ஆனா நாட்களைக் கூட்டாது.

5. உங்க கார் இழுக்குமா?

பல சின்ன எஸ்யூவிகளின் இழுவைத் திறன் 1,500 பவுண்டுதான். 16 அடிப் படகு, மோட்டார், டிரெய்லர், பெட்ரோல் எல்லாம் சேர்ந்தால் 2,000 பவுண்டைத் தொட்டுவிடும். "கொஞ்சம்தானே அதிகம்" என்று இழுக்காதீங்க. வழுக்கும் துறையில் படகோடு கார் பின்னால் போகும்போதுதான் அந்த வித்தியாசம் தெரியும். ஒண்டாரியோவில் டிரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோவை எட்டினால் டிரெய்லருக்கே பிரேக் வேணும். படகுக்காகக் காரை மாற்ற வேண்டி வந்தால், அந்த வித்தியாசமும் படகின் விலைதான்.

6. பேப்பர் வேலை

- மோட்டார் படகை ஓட்டுபவர் கையில் உல்லாசப் படகு இயக்குநர் அட்டை இருக்கணும். தேர்வு எழுதி ஒரு முறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும்.
- 10 குதிரைத்திறன் அல்லது அதுக்கு மேல் என்றால் படகுக்கும் லைசன்ஸ் எண் வேணும். அந்த லைசன்ஸ் உரிமைப் பத்திரம் இல்லை! விற்பவரிடம் கையெழுத்திட்ட விற்பனை ரசீது வாங்குங்க. அவர் பெயரில் அடமானம் பதிவாகியிருக்கா என்று பிபிஎஸ்ஏ தேடலும் போட்டுடுங்க. அவர் கட்டாத கடன் உங்க தலையில் விழக்கூடாது.
- 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு மீன்பிடி லைசன்ஸ் வேணும்.
- 2022 முதல், ஏரியை விட்டுக் கிளம்பும் முன் படகைச் சுத்தம் செய்து, தண்ணியை வடித்து, அடைப்பானைக் கழற்றிட்டுத்தான் சாலையில் ஏற்றணும். ஒரு ஏரியின் களையையும் சிப்பியையும் இன்னொரு ஏரிக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதுக்காக.

பழைய படகு என்றால் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய் எஞ்சினின் அழுத்தத்தைச் சோதிங்க. மோட்டார் மாட்டியிருக்கும் பின்பலகை ஆடுதா, தரை எங்காவது மெத்தென்று அமுங்குதா, டிரெய்லர் டயர் வெடித்திருக்கா பாருங்க. தண்ணியில் ஓட்டிக் காட்டாத படகுக்கு முன்பணம் கொடுக்காதீங்க.

7. எதில் சிக்கனம் பிடிக்கக் கூடாது?

உயிர்காக்கும் அங்கி. ஆளுக்கு ஒன்று, அவரவர் அளவில் படகில் இருக்கணும் என்பது சட்டம். நான் சொல்வது, உடம்பில் இருக்கணும். மே மாசம் வெயில் 25 டிகிரி அடிக்கும், ஏரித் தண்ணி பனிக்கட்டி உருகியது மாதிரியே இருக்கும். இங்கே 1-10-1 என்று ஒரு விதி சொல்வாங்க. குளிர்ந்த தண்ணியில் விழுந்தால் மூச்சை நிலைப்படுத்த 1 நிமிஷம், கை கால் சொன்னபடி கேட்க 10 நிமிஷம், குளிரில் நினைவு தப்ப 1 மணி நேரம். அந்த முதல் நிமிஷத்தைத் தாண்டவே அங்கி வேணும். நல்லா நீந்தத் தெரிந்தவருக்கும் சேர்த்துத்தான். பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் அளவு மாறும், பழசைப் போட்டுச் சமாளிக்காதீங்க. குடிச்சிட்டுப் படகு ஓட்டினால் இங்கே கார் லைசன்ஸும் போகும் என்பதையும் நினைவில் வைங்க.

இந்தக் கோடையில் என்ன செய்யலாம்?

முதல் கோடை வாடகை. அட்டை இல்லாதவர்களும் வாடகைக் கடையில் பாதுகாப்புப் பட்டியலைப் படித்துக் கையெழுத்திட்டு ஓட்டலாம். ஒரு தடவை பான்டூன், ஒரு தடவை அலுமினியப் படகு, ஒரு தடவை ரைஸ் லேக், ஒரு தடவை சிம்கோ என்று மாற்றி மாற்றிப் போங்க. யாருக்குத் தலை சுற்றுது, யார் வெயில் தாங்கலை, மீன் பிடிக்க நிஜமாகவே எத்தனை மணி நேரம் கிடைக்குது என்று எழுதி வைங்க. வாடகைக்குப் போகாத வார இறுதிகளில், படகு வாங்கினால் என்ன செலவாகுமோ அதைத் தனிக் கணக்கில் போடுங்க. வருஷம் 4,000 டாலர் என்றால், அதுதான் உங்க படகு நிதி.

அக்டோபரில் இரண்டு எண்களைப் பாருங்க: போன நாட்கள், சேர்ந்த பணம். நாட்கள் 12-க்கு மேல், பணமும் சேர்ந்திருக்கு என்றால் தைரியமா வாங்குங்க. அப்போதான் பலர் குளிர்கால வாடகையைத் தவிர்க்கப் படகை விற்கப் பார்ப்பாங்க, விலை பேச உங்களுக்கு இடம் இருக்கும். நாட்கள் 6 என்றால் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அடுத்த கோடையிலும் ஆறு நாள் வாடகைக்கு எடுத்து ஆசை தீரப் போயிட்டு வாங்க. பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கப்போவது ஏரிதான், படகின் லைசன்ஸ் யார் பெயரில் இருந்தது என்பது இல்லை.