பெரிய பகா எண்ணைக் கையில் எடுப்பவர்களுக்கு

1. இலக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்து மலைக்காதீர்கள். 2024 அக்டோபரில் அறிவித்த பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். ஆனால் 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நீங்கள் 2147483647-இல் தொடங்குங்கள். இது 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பழகிய முகம்தான்.

2. கண்ணை மூடிக்கொண்டு வகுக்க உட்காராதீர்கள். வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரை பார்த்தால் போதும் என்றாலும் அதற்குள் நாலாயிரத்துச் சொச்சம் பகா எண்கள் உண்டு. 1772-இல் ஆய்லர் இதைப் பகா எண் என்று நிறுவியபோது அத்தனையையும் தொடவில்லை. இதற்குப் பகாக் காரணி ஒன்று இருந்தால், அதை 62-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். 8-ஆல் வகுக்க 1 அல்லது 7 வரவேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63. இந்தச் சல்லடையில் முதலில் நிற்பது 311. வகுத்துப் பாருங்கள், மீதி 35. மொத்தத்தில் நூறு எண்கள்கூடத் தேறாது. கணினியிடம் கொடுக்காமல் பத்தையாவது கையால் போடுங்கள். விதி ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

3. அடுக்கு பகா எண் என்பதற்காக விடையும் பகா எண்ணாகிவிடாது. 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 2047. அது 23 × 89. பகா எண் தரும் அடுக்குகள் என்று மெர்சென் பாதிரியார் 1644-இல் வெளியிட்ட பட்டியலிலேயே 67, 257 இரண்டும் தவறாக நுழைந்துவிட்டன. 61, 89, 107 விடுபட்டன.

4. காரணியே தெரியாமல் ஓர் எண்ணைப் பகு எண் என்று நிறுவலாம். இதை நம்பாத மாணவர்தான் அதிகம். அடுக்கு 67-க்கு லூகாஸ் 1876-இல் அப்படித்தான் நிறுவினார். காரணிகளைக் கோல் என்பவர் சொன்னது 1903-இல். லூகாஸின் வழியை லேமர் பிறகு செம்மைப்படுத்தினார். அதை 31-க்குப் போடுவோம், அடுக்கு 5. நான்கில் தொடங்கி, வர்க்கப்படுத்தி இரண்டைக் கழித்தால் 14. மறுபடியும் செய்தால் 194. 31-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்தால் 8. இன்னொரு தடவை: 62, மீதி சுழி. அடுக்கைவிட இரண்டு குறைவான படியில் சுழி வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 127-க்கு நீங்களே போடுங்கள். ஐந்தாம் படியில் வரும்.

5. ஃபெர்மா சோதனையை, அதாவது வேறோர் எண்ணை n−1 அடுக்குக்கு உயர்த்தி n-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதை, மட்டும் நம்பி n பகா எண் என்று முடிவு சொல்லாதீர்கள். ராமானுஜனால் பேர்பெற்ற 1729, அதாவது 7 × 13 × 19, தன்னோடு பொதுக்காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் பகா எண்போலவே தேறிவிடும்.

6. 2-இன் அடுக்கில் ஒன்று குறைவான இந்தப் பகா எண்கள், அதாவது மெர்சென் பகா எண்கள், முடிவில்லாதவையா என்பதற்கு இன்னும் நிறுவல் இல்லை. 2024 வரை கிடைத்தவை 52. அடுத்ததைத் தேட ‘கிம்ப்ஸ்’ திட்டத்தில் உங்கள் கணினியையும் சேர்க்கலாம், மென்பொருள் இலவசம். ராப்பகலாக ஓடும், கரண்ட் பில் கட்டுகிறவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.