ஆக்சுவரி ஆகணுமா? மூன்றாம் வருடம் ஆபீஸுக்குப் போங்கள்

பிரிட்டனில் ஆக்சுவேரியல் சயின்ஸில் சேருகிறவர்களில் கணக்குக்குப் பயந்தவர் யாரும் இருக்கமாட்டார். உங்களுக்குத் தெரிந்த நிகழ்தகவு பக்கத்து நாற்காலிக்காரருக்கும் தெரியும். உங்களுக்குக் கிடைக்கும் தொழில்முறைப் பரீட்சை விலக்குகள் அவருக்கும் கிடைக்கும். டிகிரி முடித்ததும் உங்கள் சிவி போகிற அதே கம்பெனிக்கு அவருடையதும் போகும். இருவரில் ஒருவருக்குத்தான் இடம் என்றால், ஏற்கெனவே ஒரு வருடம் ஒரு டீமில் உட்கார்ந்து நிஜமான வேலை பார்த்தவரை எடுப்பார்கள். பல கம்பெனிகள் அதற்காக வெளியே தேடுவதுகூட இல்லை. தங்களிடம் ப்ளேஸ்மென்ட், அதாவது படிப்பின் நடுவே ஒரு வருட வேலை, செய்தவரையே கூப்பிட்டு ஆஃபர் கொடுத்துவிடுகிறார்கள்.

கேன்டர்பரியில் உள்ள கென்ட், நாரிச்சில் உள்ள ஈஸ்ட் ஆங்கிலியா, பெல்ஃபாஸ்டின் க்வீன்ஸ் போன்ற பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே நான்கு வருட டிகிரி இருக்கிறது. இரண்டு வருடம் வகுப்பு, மூன்றாம் வருடம் சம்பளத்தோடு வேலை, கடைசி வருடம் மறுபடி வகுப்பு. "ஒரு வருஷம் பின்தங்கிவிடுவோமே" என்று தயங்குகிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: போங்கள். ஆனால் தயாராகப் போங்கள்.

1. காலண்டரை முதலில் பாருங்கள்

ப்ளேஸ்மென்ட் மூன்றாம் வருடம்தானே என்று நினைப்பவர்கள்தான் கோட்டை விடுகிறார்கள். விண்ணப்பங்கள் இரண்டாம் வருடம் தொடங்கும்போதே, ஆகஸ்ட் செப்டம்பரில், திறந்துவிடும். பெரிய கம்பெனிகள் பல அக்டோபர், நவம்பருக்குள் மூடிவிடும். சில இடங்களில் கடைசித் தேதி என்று ஒன்று போட்டிருந்தாலும், வருகிற வரிசையில் ஆட்களை எடுத்துக்கொண்டே போவார்கள்; இடம் நிரம்பினால் கதவு மூடிவிடும். கடைசி நாளில் அனுப்பும் அருமையான சிவியை விட முதல் வாரத்தில் அனுப்பும் நல்ல சிவிக்கு வாய்ப்பு அதிகம்.

இதன் பொருள் என்ன? விண்ணப்பிக்கும்போது உங்கள் கையில் இருப்பது முதல் வருட மார்க் மட்டுமே. பல பல்கலைக்கழகங்களில் முதல் வருட மார்க் இறுதி கிளாஸுக்குக் கணக்கில் வராது. அதனால் பாதி வகுப்பு அந்த வருடத்தைப் பாஸ் மார்க்கோடு கடத்தும். உங்களுக்கு அதுதான் வாய்ப்பு. டிகிரிக்குக் கணக்கில் வராத அந்த மார்க்கைத்தான் ரெக்ரூட்டர் பார்க்கப்போகிறார்.

2. விலக்குகளின் மதிப்பு எவ்வளவு?

பிரிட்டனில் ஆக்சுவரிகளின் தொழில் அமைப்பு, இன்ஸ்டிடியூட் அண்ட் ஃபேகல்டி ஆஃப் ஆக்சுவரிஸ். லண்டனில் 1848-லும் எடின்பரோவில் 1856-லும் தனித்தனியே தொடங்கியவை 2010-ல் ஒன்றாகின. பட்டம் வாங்கினால் மட்டும் ஆக்சுவரி ஆகிவிட முடியாது. இந்த அமைப்பின் தேர்வுகளை எழுதித் தேற வேண்டும். அங்கீகாரம் பெற்ற டிகிரியில் படித்தால், சிஎஸ்1, சிஎஸ்2, சிஎம்1, சிஎம்2, இவற்றோடு நிதியும் பொருளாதாரமும் சார்ந்த தாள்கள் என்று ஆரம்பக் கட்டத் தேர்வுகள் பலவற்றில் விலக்கு வாங்கலாம்.

அந்தப் பாடத்தில் வெறுமனே பாஸ் ஆனால் விலக்கு வராது. அதைவிட உயர்ந்த மார்க் வேண்டும். எந்தப் பாடத்துக்கு எவ்வளவு என்று முதல் வாரமே டிபார்ட்மென்டில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விலக்குகள் உங்களுக்குப் பல வருட இரவுப் படிப்பை மிச்சப்படுத்தும், சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாள்கூட ஆபீஸ் பார்க்காமல் விலக்குகளை மட்டும் அடுக்கிக்கொண்டு வருபவரை மேனேஜர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் எடுப்பார்கள். பேப்பரில் சீனியர், வேலையில் ஜூனியர் என்ற நிலை யாருக்கும் வசதியாக இருக்காது. ப்ளேஸ்மென்ட் அந்த இடைவெளியை அடைக்கிறது.

3. லண்டனை மட்டும் பார்க்காதீர்கள்

எல்லாரும் லைம் ஸ்ட்ரீட்டில் உள்ள லாய்ட்ஸ் இன்ஷூரன்ஸ் சந்தையின் கட்டடத்தைச் சுற்றியே கனவு காண்கிறார்கள். நல்ல இடம்தான். ஆனால் எடின்பரோ பல தலைமுறைகளாகவே ஆயுள் காப்பீட்டு நகரம். நாரிச்சில் 1797-ல் தொடங்கிய நாரிச் யூனியன்தான் இன்றைய அவீவா இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வேர்களில் ஒன்று; அந்த ஊரில் இன்றும் பெரிய ஆபீஸ் இருக்கிறது. அரசு வேலையில் ஆர்வம் இருந்தால் 1919-ல் தொடங்கிய கவர்ன்மென்ட் ஆக்சுவரிஸ் டிபார்ட்மென்டைப் பாருங்கள். லண்டனுக்கு வெளியே வாடகை குறைவு. டீம் சின்னதாக இருந்தால் சீனியர்களோடு நேரடியாக வேலை பார்க்கும் வாய்ப்பும் கூடும்.

ஊரைவிட முக்கியம், துறை. பென்ஷன் கன்சல்டிங்கில் கிளையன்ட் முகத்தைப் பார்ப்பீர்கள். ஆயுள் காப்பீட்டில் பெரிய மாடல்களை ஓட்டுவீர்கள். ஜெனரல் இன்ஷூரன்ஸில் கார், வீடு, வெள்ளம், விபத்து என்று வேகமாக மாறும் டேட்டாவோடு மல்லுக்கட்டுவீர்கள். கோடிங் பிடிக்கும் என்றால் என் பரிந்துரை ஜெனரல் இன்ஷூரன்ஸ் ப்ரைசிங். பேசிப் புரியவைப்பது உங்கள் பலம் என்றால் பென்ஷன்.

4. டெஸ்டில் வெளியேறாதீர்கள்

சிவிக்கு அடுத்தது ஆன்லைன் நியூமெரிக்கல் டெஸ்ட். கணக்கு மாணவர்கள் இதில்தான் அலட்சியமாகத் தோற்கிறார்கள். கேள்விகள் எளிது, நேரம்தான் குறைவு. கடிகாரம் வைத்துப் பழகுங்கள். அடுத்து வீடியோ இன்டர்வியூ. ஸ்க்ரீனைப் பார்த்துத் தனியாகப் பேசிப் பதிவு செய்து, திரும்பப் போட்டுக் கேளுங்கள். பிறகு அசெஸ்மென்ட் சென்டர். க்ரூப் எக்ஸர்சைஸில் அதிகம் பேசுகிறவருக்கு மார்க் என்று நினைக்காதீர்கள். பேசாதவரைப் பேச வைப்பவரையும் நேரத்துக்குள் முடிவுக்கு இழுத்து வருபவரையும்தான் குறித்துக்கொள்வார்கள்.

5. தொழிலின் கதைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

எக்செல், ஆர், பைதான் எல்லாம் இன்று எல்லார் சிவியிலும் இருக்கிறது. இன்டர்வியூவில் ஆளைப் பிரித்துக் காட்டுவது கமர்ஷியல் அவேர்னஸ். இதற்குத் தினசரித் தலைப்புகளை மேய்ந்தால் போதாது. மூன்று கதைகளை ஆழமாகப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் கணக்கு எங்கே பணமாகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

முதல் கதை, ஈக்விட்டபிள் லைஃப். 1762-ல் தொடங்கிய நிறுவனம். வயதையும் மரண விகிதத்தையும் வைத்து ஆயுள் காப்பீட்டு பிரீமியம் கணக்கிட்ட முன்னோடி. வட்டி உயர்ந்திருந்த காலத்தில் பாலிசிதாரர்களுக்கு உத்தரவாதமான ஓய்வூதிய விகிதம் தருவதாக வாக்குக் கொடுத்தது. 1990-களில் வட்டி இறங்கியது, ஆயுள் நீண்டது. அந்த வாக்கு கழுத்தை இறுக்கியது. செலவைச் சமாளிக்க, அந்த உத்தரவாதத்தைப் பயன்படுத்துபவர்களுக்குப் போனஸைக் குறைத்தார்கள். அது செல்லாது என்று 2000 ஜூலையில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதே டிசம்பரில் நிறுவனம் புதிய பிசினஸை நிறுத்திவிட்டது. "கியாரண்டிக்கு ஒரு விலை உண்டு, அதை விற்கும் நாளிலேயே கணக்கிட வேண்டும்" என்று இந்தக் கதையை வைத்துச் சொல்லும் மாணவரை எந்த இன்டர்வியூவரும் மறக்கமாட்டார்.

இரண்டாவது, 2022 செப்டம்பர். 23-ம் தேதி அரசு மினி பட்ஜெட்டை அறிவித்தது. பிரிட்டிஷ் அரசுப் பத்திரங்களான கில்ட்களின் விலை சரிந்தது, வட்டி ஈட்டம் துள்ளியது. எல்டிஐ (வருங்காலப் பொறுப்புகளுக்கு ஈடாக முதலீடு செய்யும்) முறையில் கடன் வாங்கி முதலீடு செய்திருந்த பென்ஷன் ஃபண்டுகளிடம் உடனே கூடுதல் பிணை கேட்டார்கள். அதற்குப் பணம் திரட்ட அவை கில்ட்களையே விற்க, விலை மேலும் விழுந்தது. 28-ம் தேதி பேங்க் ஆஃப் இங்கிலாந்து தானே வாங்க இறங்கியது. இவ்வளவும் எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் அடுத்த வரியையும் சொல்லுங்கள்: வட்டி ஈட்டம் உயர்ந்ததால் பென்ஷன் திட்டங்கள் வருங்காலத்தில் கொடுக்க வேண்டிய தொகையின் இன்றைய மதிப்பும் குறைந்தது, பல திட்டங்களின் நிலைமை அதனால் மேம்பட்டது. கையில் ரொக்க நெருக்கடி, கணக்கில் முன்னேற்றம் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் விளக்கத் தெரிந்தால் நீங்கள் பாதி வேலையை வாங்கிவிட்டீர்கள்.

மூன்றாவது, ஆக்டன் ரேட். விபத்தில் படுகாயம் அடைந்தவருக்கு வாழ்நாள் செலவை மொத்தமாகக் கொடுக்கும்போது பயன்படும் தள்ளுபடி விகிதம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2017-ல் இது 2.5 சதவீதத்திலிருந்து மைனஸ் 0.75-க்கு இறங்கியது, 2019-ல் மைனஸ் 0.25, 2025 ஜனவரியிலிருந்து ப்ளஸ் 0.5. விகிதம் இறங்கினால் இழப்பீட்டுத் தொகை ஏறும். ஒற்றை எண் மாறியதற்கே கார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் 2017-ல் இருப்பு நிதியை உயர்த்த வேண்டி வந்தது. சிஎம்1 வகுப்பில் போடும் தள்ளுபடிக் கணக்கு இதுதான். இன்டர்வியூவில் அந்த இணைப்பைப் போட்டுக் காட்டுங்கள்.

6. டெஸ்கில் உட்கார்ந்த பிறகு

இந்தத் தொழிலில் ஒருவர் செய்வார், ஒருவர் செக் பண்ணுவார், இன்னொருவர் ரிவ்யூ பண்ணுவார். ப்ளேஸ்மென்ட் மாணவர் முதலில் செய்பவர். உங்கள் பெயர் கெடுவதும் நிலைப்பதும் செக்கர் கையில். அவருக்கு வேலை வைக்காத ஷீட்டைக் கொடுங்கள். அனுமானங்கள் தனி ஷீட்டில். ஃபார்முலாவுக்குள் எண்ணைத் திணிக்காதீர்கள். டேட்டா எங்கிருந்து வந்தது, எந்தத் தேதி, எதை நீக்கினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அனுப்பும் முன் போன வருட எண்ணோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்குக் காரணத்தையும் ஒரு வரியில் சேருங்கள். பென்ஷன் பொறுப்பு 10 சதவீதம் குறைந்திருந்தால் ஏன் என்று செக்கர் கேட்பதற்கு முன் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால்? அரை மணி நேரம் நீங்களே முயலுங்கள். பிறகு கேளுங்கள். "புரியவில்லை" என்று போய் நிற்காதீர்கள். "இதையும் இதையும் பார்த்தேன், இங்கே முட்டுகிறது" என்று போங்கள். கேட்ட பதிலை எழுதி வையுங்கள். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்பது மட்டும்தான் இங்கே குற்றம்.

பிஸி சீசனையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு டிசம்பர் 31 கணக்கு முடிவு. ஜனவரியிலிருந்து மூச்சுவிட நேரமிருக்காது. பென்ஷன் பக்கம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வேல்யூவேஷன். நெருக்கடியான அந்த வாரங்களில் நம்பிக் கொடுக்கக்கூடிய ஆள் என்று பெயர் வாங்கிவிட்டால், மற்ற மாதங்கள் உங்களுக்குச் சாதகமாகவே ஓடும். அலுப்பான வேலை ஒன்றை ஆட்டோமேட் செய்து, அதை எப்படி ஓட்டுவது என்று எழுதியும் வைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் போன பிறகும் உங்கள் பெயரைச் சொல்ல அந்த ஃபைல் இருக்கும்.

ஆறாவது மாதம் மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள்: "என்னைத் திரும்ப எடுக்க உங்களுக்கு இன்னும் என்ன தேவைப்படுகிறது?" கூச்சப்பட வேண்டாம். உங்கள் பக்கத்து டெஸ்க் மாணவரும் அதே இடத்துக்குத்தான் குறி வைத்திருக்கிறார்.

7. பணம், விசா

சுருக்கமாக. இங்கிலாந்தில் உள்ளூர் மாணவர்களுக்கு ப்ளேஸ்மென்ட் வருடக் கட்டணம் முழுக் கட்டணத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பராமரிப்புக் கடன் அந்த வருடம் குறையும். சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் அதற்கு முன்பே கட்ட வேண்டும். கோடையிலேயே சேர்த்து வையுங்கள்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ மாணவர் விசாவில் வருகிறவர்கள் ப்ளேஸ்மென்ட் உள்ள நான்கு வருட டிகிரியிலேயே முதலில் பதிவு செய்யுங்கள். வேலை பாடத்தின் மதிப்பிடப்படும் பகுதியாக இருந்தால்தான் முழுநேரம் பார்க்க முடியும். மூன்று வருட விசாவில் வந்து நடுவில் மாற்றினால் விசாவுக்கு மறுபடி செலவும் அலைச்சலும். சில கம்பெனிகள் விசா மாணவர்களை எடுப்பதில்லை. விண்ணப்பிக்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள், நேரம் மிச்சம்.

8. கையில் ஆஃபரோடு திரும்பி வரும்போது

திரும்ப வரச்சொல்லும் ஆஃபர் பெரும்பாலும் இறுதியில் 2:1 கிளாஸ் வாங்கினால் மட்டுமே செல்லும். கடினமான பாடங்கள் கடைசி வருடத்தில் காத்திருக்கும். ஒரு வருடம் புத்தகத்தைத் தொடாதவருக்கு அக்டோபர் மாதம் மூச்சு முட்டும். ப்ளேஸ்மென்டின் கடைசி இரண்டு மாதம் வாரத்துக்கு ஒரு மாலை பழைய நோட்ஸை எடுங்கள்.

ஆஃபரில் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்டடி பேக்கேஜைப் படியுங்கள். வருடத்துக்கு எத்தனை நாள் படிப்பு விடுப்பு? தேர்வுக் கட்டணம், நோட்ஸ், ட்யூட்டோரியல் யார் செலவு? ஒரு தாள் தேறினால் எவ்வளவு உயர்வு? தோற்றால் இரண்டாம் முறைக்கும் விடுப்பு உண்டா? உங்கள் விலக்குகளைச் சம்பளப் படியில் கணக்கில் எடுப்பார்களா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விடுகிறவர்கள் அதிகம். அதற்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதில் சொல்லக் கெடு வைத்திருந்தால், இரண்டு வாரம் கூடுதலாகக் கேளுங்கள். கிராஜுவேட் வேலைகளுக்கு நீங்கள் திரும்பி வரும் அதே செப்டம்பரில் விண்ணப்பங்கள் திறக்கும். கையில் ஒன்று இருக்கும்போதே மேலும் இரண்டு மூன்று இடங்களுக்குப் போட்டுவிடுங்கள்.