கம்ப்யூட்டர் பாட்டுக்கு வால்வு இனிமை

வால்வு ரேடியோவின் இதமான ஒலி நினைவிருக்கிறதா? உங்கள் கம்ப்யூட்டர் பாடல்களையும் ஓரளவு அப்படிக் கேட்கலாம். ஆம்ப்ளிபையரை மாற்ற வேண்டாம். நடுவில் ஒரு வால்வு ப்ரீ ஆம்ப்ளிபையர் சேர்த்தால் போதும். பலவற்றில் 12ஏஎக்ஸ்7 என்ற வால்வு இருக்கும்.

1. எல்லா பிளக்குகளையும் கழற்றவும்.
2. கம்ப்யூட்டரின் பச்சை நிற 3.5 மி.மீ. சாக்கெட்டிலிருந்து ப்ரீ ஆம்ப்ளிபையரின் இன்புட்டுக்கு கேபிள் கொடுக்கவும்.
3. அதன் அவுட்புட்டை ஆம்ப்ளிபையரின் ஆக்ஸ் சாக்கெட்டில் இணைக்கவும். ஸ்பீக்கர்கள் ஆம்ப்ளிபையரிலேயே இருக்கட்டும்.
4. ப்ரீ ஆம்ப்ளிபையரை முதலில் ஆன் செய்யவும். வால்வு சூடாக ஒரு நிமிடம் பொறுத்து ஆம்ப்ளிபையரை ஆன் செய்யவும். அணைக்கும்போது ஆம்ப்ளிபையரை முதலில் அணைக்கவும்.

கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் பின்களில் களிம்பு ஏறி கரகரப்பு வரும். அவ்வப்போது உலர்ந்த துணியால் துடைக்கவும்.

எச்சரிக்கை: பரணில் உள்ள பழைய வால்வு ரேடியோவில் கம்ப்யூட்டரை நேரடியாக இணைக்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட்டுகளில் 230 வோல்ட் மின்சாரம் சேசிஸிலேயே இருக்கலாம். கம்ப்யூட்டர் மட்டுமல்ல, உயிரும் போகும்.

ஒன்றை மறவாதீர்கள்: ப்ரீ ஆம்ப்ளிபையரில் உள்ள வால்வு உங்கள் ஆம்ப்ளிபையரின் வாட்ஸைக் கூட்டாது, ஒலியின் சுவையைத்தான் மாற்றும்.