தொலைவுறு ஊழியரும் ஆளணி மென்பொருளும்

ஒரு நிறுவனத்தைத் தாங்கி நிற்பன கட்டடமும் இயந்திரமும் மட்டுமல்ல. அதன்கண் தொழில் புரியும் மாந்தரது ஒருமைப்பாடே அதற்கு உயிர்நிலை. அம்மாந்தர் ஒரு கூரையின்கீழ் இராது பல ஊர்களிலிருந்து பணி புரியுங்கால், அவ்வொருமைப்பாட்டைக் கணினியின் துணைகொண்டு காத்தல் கூடுமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

உடப்புக் கரையிலே கரைவலை இழுப்போர் இரு பிரிவினராய், தம்முள் நெடுந்தூரம் விலகி நிற்பர். ஒரு பக்கம் விரைந்து மறுபக்கம் தளருமாயின் வலை கோணி மீன் தப்பிவிடும். அம்பாப் பாடலின் தாளமே பல கைகளை ஒரு கையாக்கியது. தூரம் தன்னளவில் தீங்கன்று. தாளம் தவறுதலே தீங்கு என்பது இதனாற் பெறப்படும்.

தொலைவிலிருந்து பணி புரியும் முறைக்கு 1973ஆம் ஆண்டிலே ‘டெலிகொம்யூட்டிங்’ எனப் பெயரிட்டவர் அமெரிக்கரான ஜாக் நில்ஸ் என்பார். நம் நாட்டில் 2020 மார்ச்சு மாதத்து ஊரடங்கும், 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சமும் அதனைப் பலர்க்கும் அறிமுகஞ் செய்தன. கொழும்பு சென்றாலன்றி உத்தியோகமில்லை என்றிருந்த நிலை சற்றே தளர்ந்தது. சிலாபத்திலோ கற்பிட்டியிலோ பெற்றோருடன் இருந்துகொண்டே தலைநகர் நிறுவனமொன்றிற் கடமையாற்றுதல் இன்று இயல்வதாயிற்று.

இத்தகையோரை நிறுவனத்துடன் இணைப்பதற்கெழுந்த கருவிகளுள் ஒன்று ஆளணி மென்பொருள். வரவு, விடுமுறை, சம்பளம், ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் செலுத்தும் 8 வீதமும் தொழில்தருநர் செலுத்தும் 12 வீதமும் ஆகிய கணக்குகளைப் பேணுதல் அதன் அடிப்படைத் தொழில். அதற்கு மேலாக, குறுவினாக்களால் ஊழியர் மனநிலையறிதல், நற்பணியைப் பலரறியப் பாராட்டுதல், மேலாளரும் ஊழியரும் தனித்து உரையாடும் நாளை நினைவூட்டுதல், பயிற்சியளித்தல் என்பனவற்றையும் அது செய்யும். இலங்கையின் எச்செனிட் நிறுவனம் ‘பீப்பிள்ஸ் எச்.ஆர்.’ என்பதனையும், 1996இல் தொடங்கப்பெற்ற சோகோ நிறுவனம் ‘சோகோ பீப்பிள்’ என்பதனையும் ஆக்கியுள்ளன. சோகோ நிறுவனம் தென்காசிப் பகுதியின் மத்தளம்பாறை என்னும் சிற்றூரிலும் காரியாலயம் அமைத்து, ஊரைத் தேடித் தொழில் வரலாமென்பதனைக் காட்டியமை நோக்கத்தக்கது.

இனி, தொலைவுறு பணியின் பயனையும் இடரையும் ஒருங்கே காட்டும் சோதனையொன்றைக் கூறுவாம். சீனத்துச் சீட்ரிப் என்னும் பயண நிறுவனம் 2010, 2011ஆம் ஆண்டுகளில், விரும்பி முன்வந்த ஊழியருள் ஒரு பகுதியினரை வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து பணி புரியச் செய்தது. நிக்கலஸ் புளூம் முதலிய அறிஞர் இதனை ஆராய்ந்தனர். வேலைத்திறன் 13 வீதம் உயர்ந்தது. விலகிச் செல்வோர் தொகை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. ஆயினும், சோதனை முடிந்தபின் அவருள் ஏறத்தாழ அரைவாசியினர் காரியாலயத்திற்கே மீண்டனர். தனிமையே அவர் கூறிய முதன்மையான குறை. அன்றியும், ஒத்த திறமையுடையாருள் வீட்டிலிருந்தோர்க்குப் பதவியுயர்வு அரிதாயிற்று. கண்ணிற் படாதவர் கருத்திலும் படாதொழிவர் என்பதற்கு இது சான்று.

இக்குறையைத் தீர்க்க வந்த கருவியே காவற்காரனாக மாறுதலும் உண்டு. 2020ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட உற்பத்தித்திறன் அளவீடு, ஊழியர் ஒவ்வொருவரது செயலையும் பெயர் குறித்துக் காட்டிற்று. கண்டனம் எழவே, அந்நிறுவனம் அதிலிருந்து பெயர்களை நீக்கியது. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. தம்மை வேவு பார்க்கும் கருவிக்கு எவரும் தம் உள்ளத்தைத் திறவார்.

ஆகவே மேலாளர் கொள்ளத்தக்க நெறிகள் நான்கு. முதலாவது, வினவிய கருத்துக்கு விடையாக யாது செய்யப்பட்டது என்பதனை ஊழியர்க்கு அறிவித்தல். விடையில்லா வினாக்கொத்து வெறுப்பையே வளர்க்கும். இரண்டாவது, இருந்த நேரத்தையன்றி முடித்த பணியை அளந்து, பதவியுயர்வில் அருகிருப்போரையும் தொலைவிலுள்ளோரையும் ஒரு நிறையில் நிறுத்தல். மூன்றாவது, எத்தரவு எதற்காகத் திரட்டப்படுகிறதென்பதை முன்னரே கூறல். நான்காவது, இடையிடையே நேரிற் கூடுதல். முகங்கண்டு பேசிய நட்பையே கணினி தொடர்ந்து பேணவல்லது.

ஊழியர்க்கும் கடமையுண்டு. தாம் செய்த பணியை ஒழுங்காகப் பதிதலும், இடர்ப்படுமிடத்து மௌனம் சாதியாது வினவுதலும் அவர்பாலன. கல்லூரியை விட்டு உத்தியோகந் தேடப் புகும் மாணவர், தொழில் ஏற்குமுன் சம்பளத்தை மட்டுமன்றி, “என் பணியை மதிப்பிடுவார் யார்? எங்ஙனம் மதிப்பிடுவார்?” என்பதனையும் கேட்டறிதல் வேண்டும்.

மென்பொருள் மடல் சுமக்கும் தூதுவன் மட்டுமே. மடலிலே அன்பையும் நீதியையும் எழுதவேண்டியவர் மனிதரே. பல ஊர்களிலும் பல நாடுகளிலும் சிதறி வாழும் பழைய மாணவர், தம்கீழ்ப் பணி புரியும் தொலைவுறு ஊழியர்க்கு இதனை மறவாதிருப்பாராக.