விடுதலைப் பதிவேடும் பெண் கைதிகளும்

கல்கத்தாவின் தென்பகுதியில் அமைந்த டாலிகஞ்ச், தமிழகத்தோடு பழைய தொடர்புடையது. 1806-ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சிக்குப் பின், திப்பு சுல்தானின் மைந்தர்கள் வேலூர்க் கோட்டையிலிருந்து கொண்டுவரப்பட்டு, இங்குள்ள ரஸ்ஸா பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். அதே ரஸ்ஸாவில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெண் கைதிகளுக்கெனத் தனிச் சிறை ஒன்று இயங்கியது. ஆண்களின் சிறையில் ஒரு மூலையில் பெண்களை அடைத்து வைக்கும் வழக்கத்துக்கு இது ஒரு மாற்றாக அமைந்தது.

நன்னடத்தையின் கணக்கு

தண்டனைக் காலம் முடியுமுன் கைதியை விடுவிக்கலாம் என்ற கருத்தும் அந்த நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. அயர்லாந்தில் வால்டர் கிராஃப்டன் வகுத்த முறையில், உழைப்பாலும் ஒழுக்கத்தாலும் கைதி படிப்படியாக விடுதலையை நெருங்கினார். 1866-இல் இந்தியா வந்து சிறைகளைப் பார்வையிட்ட மேரி கார்ப்பென்டர், இம்முறையைப் பெரிதும் போற்றியவர். பெண் கைதிகளைப் பெண்களே கண்காணிக்க வேண்டும் என்பதும் அவர் வலியுறுத்திய கருத்தாகும்.

1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் இக்கருத்துக்கு அலுவலக வடிவம் தந்தது. ஒவ்வொரு கைதியும் எந்நாளில் விடுவிக்கப்பட வேண்டும் என்பதைக் காட்டும் பதிவேட்டைக் கண்காணிப்பாளர் பேண வேண்டும் என்று அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவு விதித்தது. நன்னடத்தைக்காகத் தண்டனையில் கழிக்கப்படும் நாள்களுக்கான விதிகளை வகுக்கவும் சட்டம் இடமளித்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மாதத்துக்கு மூன்று நாள் கழிவு பெறும் ஒரு பெண்ணுக்கு நான்கு மாதக் கழிவு பதியப்படாமல் விடுபட்டதாகக் கொள்வோம். அவர் பன்னிரண்டு நாள் கூடுதலாகச் சிறையிலிருக்க நேரிடும். எழுத்தரின் ஒரு விடுபாடு, ஒரு மனிதரின் சுதந்திரத்தைப் பறித்துவிடுகிறது.

பதிவேட்டில் இடம்பெறாதவர்கள்

தண்டனையே பெறாதவர்களின் நிலை இதனினும் கொடியது. தண்டனைக் காலம் என ஒன்று இல்லாதபோது, விடுதலை நாளும் இல்லை. குற்றம் ஏதும் செய்யாத மனநோயாளிகள் மேற்கு வங்கச் சிறைகளில் வைக்கப்பட்டிருந்தனர். ஷீலா பார்ஸே தொடுத்த வழக்கில், இது சட்டவிரோதமானது என 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 1979-இல் பீகார் சிறைகளைப் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கு, விசாரணைக் கைதிகள் பல்லாண்டுகள் சிறையில் தேங்கிக் கிடந்ததை வெளிப்படுத்தியது. பாதுகாப்புக் காவல் என்ற பெயரில் பெண்கள் சிறையில் வைக்கப்பட்டிருந்ததும் அவ்வழக்கில் தெரியவந்தது.

இன்றைய தேவை

2022-ஆம் ஆண்டு இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் பெண்கள் 23,772 பேர். அதாவது நூற்றுக்கு நான்கு பேர். எண்ணிக்கை சிறிதாயினும் இவர்களின் இடர்ப்பாடு பெரிது. பரோலில் செல்வதற்குப் போக ஒரு வீடும், பொறுப்பேற்க ஓர் உறவினரும் வேண்டும். புகுந்த வீடு கைவிட்டு, பிறந்த வீடும் நாணி ஒதுங்கும்போது, சட்டம் தரும் சலுகை ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு குறிப்பிடத்தக்கது. முன்பு தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி, அக்குற்றத்துக்குரிய உச்ச தண்டனையில் மூன்றிலொரு பங்கைக் கழித்திருந்தால், பிணையில் விடுதலை பெற அது வழிசெய்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளோருக்கும் இது பொருந்தாது. தகுதி பெற்றவருக்காக நீதிமன்றத்துக்கு எழுதும் கடமை சிறைக் கண்காணிப்பாளரையே சாரும்.

எனவே, பொறுப்பு மீண்டும் பதிவேட்டையே வந்தடைகிறது. கழிவு நாள்களை மாதந்தோறும் கைதிக்குப் படித்துக் காட்டுதல், விடுதலைக்கு முன்பே தங்குமிடத்தை உறுதி செய்தல், சட்ட உதவிக் குழுவினர் ஏடுகளைச் சரிபார்த்தல் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், தான் வெளியேறும் நாளை அறிந்திருக்கிறாரா என்பதே ஒரு சிறையின் நிர்வாகத்தை அளக்கும் தக்க அளவுகோலாகும்.