டீசல் எஞ்சின் கிளம்பாவிட்டால்

பிரேசர் டவுனில், மாஸ்க் ரோட்டுப் பக்கம் மின்சாரம் நின்றால் சற்று நேரத்தில் கடைகளின் ஜெனரேட்டர்கள் முழங்கத் தொடங்கும். அவற்றுள் சில, ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினால் ஓடுபவை. நம்மில் பலர் ஊரில் வாய்க்கால் கரையிலே கண்ட பம்புசெட் எஞ்சினும் அதே இனந்தான். மருந்துக் கடைக் குளிர்பெட்டியில் இன்சுலின் இருக்கும் இரவிலோ, பயிர் வாடும் நாளிலோ அது கிளம்ப மறுத்தால் குறையை எங்கே தேடுவது?

பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளைக் கொளுத்துகிறது. டீசல் எஞ்சினிலோ சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட காற்று கடுஞ்சூடேற, அச்சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஜெர்மானியரான ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டிய எஞ்சினில், எரிபொருளை உள்ளே தள்ளுவதற்கும் அமுக்கிய காற்றே தேவைப்பட்டது. அதற்கெனத் தனிக் கருவி வேண்டியிருந்ததால் எஞ்சினும் பெருத்திருந்தது. 1927இல் ராபர்ட் பாஷ் கம்பெனி டீசலையே அமுக்கிச் செலுத்தும் பம்புகளைத் தொகையாகச் செய்யத் தொடங்கிற்று. சிறு எஞ்சின்கள் பரவ அதனால் வழி பிறந்தது. நம் பெங்களூரில் 1951இல் தொடங்கிய மைகோவும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 2008இல் அதன் பெயரும் பாஷ் என்றாயிற்று.

அந்தப் பம்பின் வேலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 5 குதிரைத்திறன் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வீதம் 750 தடவை டீசல் பாய வேண்டும். மணிக்குச் சுமார் 1.2 லிட்டர் செலவு என்று கொண்டால், ஒரு தடவைக்கு 27 கன மில்லிமீட்டர் வருகிறது. அதாவது அரைச் சொட்டு! இந்த அரைச் சொட்டை ஏறக்குறைய 200 கிலோ அழுத்தத்தில், ஒரு சதுர சென்டிமீட்டர் கணக்கில், தள்ள வேண்டும். குழாயில் ஒரு காற்றுக் குமிழி புகுந்துவிட்டால் என்ன ஆகும்? டீசல் அவ்வளவாக அமுங்காது. காற்று நன்றாக அமுங்கும். பம்பு தள்ளுகிற தள்ளெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும், இஞ்செக்டர் திறக்காது. மெக்கானிக்குகள் “ஏர் பிடிச்சிருக்கு” என்பது இதைத்தான்.

ஸ்பானரை எடுக்கும் முன்பு புகையைப் பாருங்கள். கைப்பிடியைச் சுழற்றும்போது சைலன்சரில் வெண்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். அப்போது கம்ப்ரஷனையும் இஞ்செக்டரையும் சந்தேகிக்கலாம். புகையே இல்லையென்றால் டீசல் வந்து சேரவில்லை. அதன் வழியை டேங்கிலிருந்து தொடர்ந்து போக வேண்டியதுதான்.

டேங்கில் டீசல் உண்டா, குழாய்த் திருகு திறந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். நிறுத்தும் நெம்பு ‘ஸ்டாப்’ நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த எஞ்சினில் பழைய டீசல் பிசின்போலாகி இப்படிச் செய்வதுண்டு. நன்றாகக் கிளம்பிச் சிறிது நேரத்தில் நின்றுவிடும் எஞ்சினுக்கு டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். மூடியைத் திறந்ததும் ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டு, எஞ்சின் மறுபடி ஓடினால் குறை அங்கேதான்.

அடுத்து ஃபில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்துங்கள். டேங்க் மேலே இருக்கும் எஞ்சினில் டீசல் தானே வழியும். நூலாக இழைந்து வந்தால் ஃபில்டரோ குழாயோ அடைத்திருக்கிறது. நுரைத்து வந்தால் குமிழி நிற்கும்வரை வழியவிட்டு முடுக்குங்கள். கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்தால், தண்ணீர் கலந்திருப்பின் அது அடியில் தங்கும். டேங்க் கீழே இருந்து ஃபீடு பம்பு உறிஞ்சும் அமைப்பு மட்டும் ஏமாற்றக்கூடியது. அங்கே தளர்ந்த இணைப்பு வெளியே ஒரு சொட்டும் கசியாமல் உள்ளே காற்றை இழுக்கும்.

ஃபில்டரில் செய்ததையே பம்பின் காற்றுத் திருகிலும் செய்க. பிறகு இஞ்செக்டரில் சேரும் உயரழுத்தக் குழாயின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, டீகம்ப்ரஷன் நெம்பைத் தூக்கிக்கொண்டு எஞ்சினைச் சுற்றுங்கள். விட்டுவிட்டு, துடிப்புத் துடிப்பாக டீசல் வர வேண்டும். குமிழி நின்றதும் நட்டை முடுக்கி மறுபடி சுற்றினால் இஞ்செக்டரில் ‘கிரீச்’ என்று ஓர் ஒலி கேட்கும். கேட்டதும் நெம்பை இறக்கிக் கிளப்பலாம்.

பம்புக்குள் நல்ல டீசல் வந்தும் நட்டில் துடிப்பு இல்லையென்றால்தான் பம்பைச் சந்தேகிக்க வேண்டும். பலர் அதை முதலிலேயே கழற்றிவிடுகிறார்கள். எனக்கு இது பெருந்தவறாகப் படுகிறது. அதன் பிளஞ்சரும் பேரலும் ஒன்றுக்கொன்று இழைத்துச் சேர்த்த ஜோடி. இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். மணல் படிந்த கைத்துணி ஒன்று போதும் அதைக் கெடுக்க. அந்த வேலை பம்பு ஒர்க்‌ஷாப்புக்கு உரியது.

இஞ்செக்டரை வெளியே எடுத்து அதன் தெளிப்பைச் சோதிப்பவர் விரலை எதிரே நீட்டலாகாது. அத்தெளிப்பு தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். மேலே ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளி மட்டும் தெரியும். வலியும் முதலில் குறைவாகவே இருக்கும். அப்படிப் பட்டவரை உடனே அறுவை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.