செல்லுக்குள் இருப்பதை முதலில் பாருங்கள்

கணினி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். பெரிய தொழில்நுட்பங்களைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது அன்றாடம் மேசைக்கு வரும் சங்கதிகள்தான். எக்செலில் கணக்கு உதைக்கிறது, ஆப் திறந்ததும் மூடிக்கொள்கிறது, பில் போடும் மென்பொருள் ஒரு கணினியில் ஓடுகிறது, பக்கத்துக் கணினியில் மறுக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை பிறப்பது ஒரே இடத்தில் என்பது என் துணிபு. திரை ஒன்றைக் காட்டும், உள்ளே வேறொன்று இருக்கும். அந்த வேறொன்றைக் கண்ணால் பார்க்கப் பழகியவர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

1. பிழைச் செய்தியை முழுக்க வாசியுங்கள்.

சிவப்பு எழுத்தைக் கண்டதும் மூடிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். விட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டு ஆப் விழுந்தால் லாக்கேட்டில் நாற்பது ஐம்பது வரிகள் கொட்டும். மேலிருந்து வாசித்தால் தலை சுற்றும். ‘காஸ்ட் பை’ என்று தொடங்கும் வரிகளில் கடைசியானதைத் தேடுங்கள். அதற்குக் கீழே உங்கள் பேக்கேஜ் பெயர் முதலில் வருகிற வரியில் கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். முக்கால்வாசி நேரம் சிக்கல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். சில செய்திகள் காரணத்தையும் பெயரிலேயே சொல்லிவிடும். ‘நெட்வொர்க் ஆன் மெயின் த்ரெட்’ என்று ஒன்று உண்டு. திரையை வரைகிற அதே இழையில் இணைய வேலையைச் செய்யாதே என்று ஆண்ட்ராய்டு 3.0 முதல் அது சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

2. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தால் நீளத்தை அளந்து பாருங்கள்.

சம்பளப் பட்டியலில் விலுக்கப் போட்டிருக்கிறீர்கள். ஊழியர் எண் இரண்டு ஷீட்டிலும் கண்ணுக்கு நேராக இருக்கிறது. ஆனாலும் என்/ஏ என்று வருகிறது. சூத்திரத்தை மாற்றி மாற்றி எழுதாதீர்கள். பக்கத்து செல்லில் லென் போட்டு இரண்டின் நீளத்தையும் பாருங்கள். ஒன்று 5, மற்றது 6 என்று வந்தால் வாலில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கிறது. டிரிம் போட்டால் போய்விடும். டிரிம் போட்டும் 6 என்றே நின்றால், அது பெரும்பாலும் வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்து வந்த இடைவெளி. சாதாரண இடைவெளியின் குறியெண் 32, இதன் குறியெண் 160. டிரிம்முக்கு 32 மட்டுமே தெரியும். சப்ஸ்டிட்யூட் போட்டு 160-ஐத் தனியாக நீக்க வேண்டும்.

நீளமும் ஒன்றாக இருந்தால் வகையைப் பாருங்கள். நீங்களாக நகர்த்தாத வரை எக்செல் எண்ணை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும் ஒதுக்கும். ஒரு ஷீட்டில் 1047 வலப்பக்கமும் மற்றதில் இடப்பக்கமும் நின்றால், ஒன்று எண், மற்றது எழுத்து. இரண்டும் எந்நாளும் பொருந்தா.

இதைவிட ஆபத்தானது பிழையே காட்டாத விலுக்கப். நான்காவது இடத்தில் ஃபால்ஸ் என்று எழுதாமல் விட்டால் தோராயப் பொருத்தம் என்று எடுத்துக்கொள்ளும். பட்டியல் வரிசைப்படி இல்லையென்றால் யாரோ ஒருவரின் சம்பளத்தை வேறு யாருக்கோ போட்டுவிட்டு அமைதியாக இருக்கும். என்/ஏ வந்தால் சந்தோஷப்படுங்கள், அது உண்மையைச் சொல்கிறது.

3. தேதியை நம்பாதீர்கள்.

எக்செலுக்குத் தேதி என்பது வெறும் எண். 2024 ஏப்ரல் 5-ஐ 45387 என்று வைத்திருக்கும். நம் வாடிக்கையாளர் 05/04/2024 என்று எழுதிய கோப்பை, அமெரிக்க வட்டார அமைப்பில் உள்ள கணினியில் திறந்தால் அது மே 4 ஆகி 45416 என்று உள்ளே போய்விடும். அடுத்த வரியில் 13/04/2024 இருக்கிறது. பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் அதை மாற்ற முடியாமல் எழுத்தாகவே விட்டுவிடும். ஒரே பத்தியில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. இடப்பக்கம் நிற்பவற்றைச் சரிசெய்துவிட்டு மூச்சு விடாதீர்கள். கெட்டுப்போனவை வலப்பக்கம் ஒழுங்காக நிற்பவைதான்.

கோப்பு வாங்கும்போதே ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் கேட்டு வாங்குங்கள். பழைய மேக் கணினியிலிருந்து வந்த கோப்பில் எல்லாத் தேதியும் நான்கு ஆண்டும் ஒரு நாளும் தள்ளி இருந்தால் பதற வேண்டாம். அங்கே எண்ணிக்கை 1900-க்குப் பதில் 1904-இல் தொடங்கும். வித்தியாசம் 1,462 நாள். விண்டோஸ் எக்செலில் 1900 பிப்ரவரி 29 என்ற நாளும் உண்டு. 1900 லீப் ஆண்டே அல்ல. லோட்டஸ் 1-2-3 கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று அந்தத் தவறை அப்படியே எடுத்துக்கொண்டார்கள், இன்றும் அது இருக்கிறது.

4. கூட்டிக் கழிக்காத எண்ணை எழுத்தாக வையுங்கள்.

ஆதார், கைபேசி, வங்கிக் கணக்கு எண் எதையும் யாரும் கூட்டப் போவதில்லை. எண்ணாக வைத்தால் கணக்கு எண்ணின் முன் சுழியங்கள் காணாமல் போகும். ஆதாரின் 12 இலக்கம் புள்ளியும் அடுக்குக்குறியுமாகச் சுருங்கித் தெரியும். அதையாவது மீட்கலாம். 16 இலக்க அட்டை எண்ணின் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும், ஏனென்றால் எக்செல் காப்பது 15 இலக்கம் மட்டுமே. சேமித்த பிறகு மூல எண் எங்கும் இருக்காது. ஒட்டுவதற்கு முன்பே பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள்.

5. காசுக் கணக்கில் முழுமையாக்கும் விதியை வாடிக்கையாளரிடம் கேளுங்கள்.

0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பெரும்பாலான நிரல்மொழிகளில் 0.30000000000000004 வரும். இரும எண்ணில் 0.1-ஐத் துல்லியமாக எழுத வழியில்லை. ஆகவே பணத்தைப் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது உங்கள் மொழியில் இருக்கும் டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள்.

அதன் பிறகும் ஒரு பைசா இடிக்கும். 100.50 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 18.09. அதையே மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரித்தால் ஒவ்வொன்றும் 9.045. தனித்தனியே முழுமையாக்கினால் 9.05, இரண்டும் சேர்ந்து 18.10. எது சரி என்பதை நிரல் எழுதுபவர் தீர்மானிக்கக் கூடாது. கணக்கரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்னொன்று, ஷீட்டில் ரவுண்ட் போட்டால் 2.5 என்பது 3 ஆகும். எக்செலின் விபிஏ மேக்ரோவில் அதே பெயருள்ள ரவுண்ட் 2 என்று தரும், பாதியில் நிற்பதை அது இரட்டை எண் பக்கம் தள்ளும். இது தெரியாமல் நாள் கணக்கில் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

6. தமிழோடு வேலை செய்கிறவர்கள் தமிழ் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று கற்றுக்கொள்ளுங்கள்.

இதை நாம் கற்கவில்லையென்றால் நமக்காக யாரும் கற்க மாட்டார்கள். ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8-இல் 15 பைட். பெயரை நான்கு குறியீட்டோடு வெட்டினால் ‘தமிழ’ என்று புள்ளி உதிர்ந்து நிற்கும். அடையாள அட்டையில் யாருடைய பெயரும் அப்படி அச்சாகக் கூடாது. ஆகவே நறுக்கும்போதும் எண்ணும்போதும் எழுத்துத் தொகுதியாக எடுக்கும் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். குறுஞ்செய்தியிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் 160 குறி போகும் இடத்தில் தமிழில் 70 மட்டுமே. வாடிக்கையாளருக்குச் செலவுக் கணக்கை முன்கூட்டியே சொல்லுங்கள்.

‘கொ’ என்பதை இரண்டு வகையாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி முழுதாக ஒரே குறியீடாக இருக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கலாம். திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது. ‘கொடுமுடி’ ஊர்க்காரர்களைத் தேடினால் பாதிப் பேர் வர மாட்டார்கள். தரவு உள்ளே நுழையும்போதே யூனிகோடின் என்எஃப்சி முறைக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும். பாமினி போன்ற பழைய எழுத்துருக் கோப்புகள் வந்தால் அவற்றின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, உள்ளடக்கத்தையே மாற்றியாக வேண்டும். தமிழ் சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து குப்பையாகத் தெரிந்தால், தயவுசெய்து சேமிக்காமல் மூடுங்கள். டேட்டா மெனு வழியாக யூடிஎஃப்-8 என்று தேர்ந்து உள்ளே கொண்டுவாருங்கள்.

7. பிழையை அமுக்காதீர்கள்.

விபிஏ-யில் ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்று ஒரு வரி, ஜாவாவில் காலியான கேட்ச். போட்டதும் செய்தி நின்றுவிடும், தவறு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். சத்தமில்லாத தவறு எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். 2020 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் கோவிட் தொற்றாளர் 15,841 பேரின் விவரம் நாளாந்தக் கணக்கில் சேராமல் போனது. வந்த தரவைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பில் ஏற்றினார்கள். அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான் கொள்ளும். மிஞ்சியவை விடுபட்டன, அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவதும் அதனால் தாமதமானது. எத்தனை வரிசை வந்தது, எத்தனை உள்ளே போனது என்ற இரண்டு எண்களை ஒப்பிட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நீங்கள் எழுதும் ஒவ்வொரு இறக்குமதியிலும் அந்த ஒப்பீட்டை வையுங்கள்.

மேக்ரோ எழுதுகிறவர்கள் தலைப்பில் ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட் போடுங்கள். வரிசை எண்ணும் மாறியை லாங் என்று அறிவியுங்கள். இன்டீஜர் 32,767-க்கு மேல் தாங்காது.

8. சிக்கலைப் பாதி பாதியாக வெட்டுங்கள்.

ஆயிரம் வரிசையுள்ள கோப்பு தகராறு செய்தால் முதல் ஐந்நூறை மட்டும் கொடுங்கள். ஓடினால் குற்றவாளி அடுத்த பாதியில். பத்தே வெட்டில் ஒரு வரிசைக்கு வந்துவிடலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

9. ஓடாத இடத்தில் ஓட்டிப் பாருங்கள்.

உங்கள் கைபேசி புதியது, ஆபீஸ் வைஃபை வேகமானது. பயனரின் கைபேசியில் நினைவகம் குறைவு, பாதிப் படிவத்தில் அழைப்பு வரும், திரை திரும்பும். திரும்பினால் ஆண்ட்ராய்டு அந்த ஆக்டிவிட்டியை அழித்து மறுபடி கட்டுவது வழக்கம். வியூமாடலில் வைத்தது திரை திரும்பினாலும் பிழைக்கும். நினைவகத்துக்காகச் செயலியையே அமைப்பு கொன்றுவிட்டால் அதுவும் போய்விடும். ஆகவே பயனர் தட்டச்சு செய்ததைச் சேமித்து வையுங்கள். டெவலப்பர் ஆப்ஷனில் ‘டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்’ என்பதை இயக்கி, படிவத்தைப் பாதி நிரப்பி, வேறு ஆப்புக்குப் போய்த் திரும்பி வாருங்கள். முகவரியை முழுக்க அடித்து முடித்த ஒருவர் அதை மறுபடி அடிக்க நேர்வது சின்ன விஷயம் அல்ல.

டெஸ்க்டாப் மென்பொருளை நிர்வாகி உரிமை இல்லாத பயனர் கணக்கில், வேறு வட்டார அமைப்பில், இடைவெளி உள்ள கோப்புறையில் ஒருமுறை ஓட்டுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் எழுத முயல்கிற நிரல் அங்கேயே பிடிபடும்.

10. உதவி கேட்கும்போது மூன்றைச் சொல்லுங்கள்.

என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது. செய்தியை எழுத்தாக ஒட்டுங்கள், திரையைப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதை யாரும் தேட முடியாது. ஏஐ-யிடம் கேட்டாலும் இதேதான். அது தரும் நிரலில், உண்மையில் இல்லாத ஃபங்ஷனும் வரலாம். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று வாயால் சொல்ல முடிந்த பிறகு ஒட்டுங்கள்.

11. பிடித்த பிழையைத் தூக்கி எறியாதீர்கள்.

தகராறு செய்த அந்த வரிசையைத் தனிக் கோப்பாக எடுத்து, ஆதார், கைபேசி எண்களை மாற்றிவிட்டு, ஒரு கோப்புறையில் வையுங்கள். 160 இடைவெளி ஒன்று, 13/04 ஒன்று, இரண்டு வகைக் ‘கொ’ ஒன்று. அடுத்த பதிப்பை வெளியிடும் முன் எல்லாவற்றையும் அதன் வழியே ஒருமுறை ஓட்டுங்கள். வேலைக்குப் புதிதாக ஒருவர் வந்தால் முதல் நாள் அந்தக் கோப்புறையைக் கையில் கொடுங்கள்.